பென்னிகுயிக் – ஒரு குடும்பப் பெயரின் வரலாறு

பென்னிகுயிக் என்பது ஸ்காட்லாந்தில் தோன்றிய ஒரு குடும்பப் பெயர் ஆகும். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பொறியாளர் கர்னல் ஜான் பென்னிகுயிக் (1841–1911) வழியாக இப்பெயர் தமிழகத்தில் அறிமுகமானது. தேனி மாவட்டத்தில், சிறப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கில், இன்று இது ஆண் குழந்தைகளுக்குச் சூட்டப்படும் இயற்பெயராகவும் வழங்குகிறது. ஒரு நாட்டில் தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயர், கடல் கடந்த இன்னொரு நாட்டில் தொட்டிலில் இடும் பெயராக மாறுவது அரிது. ஆதலால் இப்பெயரின் பொருளையும் அது வந்த வழியையும் சற்று விரிவாக அறிவது பயனுடையது.

தொழிலால் வந்த பெயரா?

தேனிப் பகுதியில் இப்பெயருக்குப் பலரும் பலவிதமாகப் பொருள் சொல்வதுண்டு. 'பென்னி' என்பது ஆங்கில நாணயம், 'குயிக்' என்றால் விரைவு, ஆகவே பணத்தை விரைவாகச் சேர்த்தவர் அல்லது விரைவாகச் செலவிட்டவர் என்பர் சிலர். 'குக்' என்றால் சமையற்காரர், ஆகவே முன்னோர் சமையல் தொழில் செய்தவர் என்பர் வேறு சிலர். ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களில் பெரும்பகுதி தொழிலால் வந்தவை என்பதால் இரண்டாவது விளக்கம் நம்பத் தகுந்தது போலவே தோன்றும். ஆனால் இரண்டும் சரியல்ல. பென்னிகுயிக் ஓர் ஊரின் பெயர். அந்த ஊரை உடைமையாகக் கொண்டிருந்தவர்களுக்கும், அங்கிருந்து வெளியூர் சென்றவர்களுக்கும் ஊரின் பெயரே குடும்பப் பெயராயிற்று.

இங்கு ஒரு சொல் விளக்கம் தேவைப்படுகிறது. தமிழ் இலக்கணத்தில் 'தொழிற்பெயர்' என்றால் ஓடுதல், படிப்பு, நடத்தல் போன்ற சொற்களைக் குறிக்கும். கொல்லர், தச்சர் போன்றவை தொழிற்பெயர்கள் அல்ல. குழப்பம் வராமலிருக்க, தொழிலால் ஏற்பட்ட குடும்பப் பெயர்களை இக்கட்டுரை 'தொழில்வழிப் பெயர்' என்றே குறிப்பிடுகிறது.

ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் தோன்றிய விதம்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றுவதற்கு முன் அங்கே பொதுமக்களுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். அடுத்து வந்த மூன்று நூற்றாண்டுகளில் நிலை மாறியது. ஒரே சிற்றூரில் ஐந்து ஜான்களும் ஆறு வில்லியம்களும் இருந்தால் நிலத்தீர்வையை யாரிடம் வாங்குவது? கணக்கெழுதியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளத்தைச் சேர்த்து எழுதினார்கள். 'கொல்லர் ஜான்', 'குன்றடி வில்லியம்', 'ராபர்ட் மகன் ஜான்', 'நெட்டை வில்லியம்' என்பன போன்றவை அவை. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி வாங்கியபோது எழுதப்பட்ட பட்டியல்களில் இத்தகைய பெயர்கள் ஏராளமாக உள்ளன. நாளடைவில் கொல்லர் ஜானின் மகன் உழவனாக இருந்தாலும் அவனுக்கும் கொல்லர் என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. அந்த இடத்தில்தான் அடைமொழி குடும்பப் பெயராக உறைந்தது எனலாம்.

இங்கிலாந்தில் மிகுதியாக உள்ள குடும்பப் பெயரான ஸ்மித் கொல்லரைக் குறிப்பது. டெய்லர் தையற்காரர், தாட்சர் கூரை வேய்பவர், வெப்ஸ்டர் நெசவாளர், கூப்பர் மரப்பீப்பாய் செய்பவர். சிந்துவெளி அகழாய்வு நடந்த காலத்தில் தொல்லியல் துறைத் தலைவராக இருந்த சர் ஜான் மார்ஷலின் குடும்பப் பெயர், முதலில் குதிரை பராமரிப்பவரைக் குறித்த சொல். சென்னை அண்ணா சாலையில் எல்லோருக்கும் தெரிந்த ஸ்பென்சர் என்ற பெயர், பெரிய வீடுகளில் உணவுப் பண்டங்களைக் காத்து அளந்து கொடுத்த உக்கிராணக்காரரைச் சுட்டும். பலசரக்கு விற்ற கடைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்க முடியாது. ஆனால் அது தற்செயல்.

பெயரைப் பார்த்த மாத்திரத்தில் பொருள் கொள்வது எவ்வளவு தவறாகும் என்பதற்குச் சர் ஆர்தர் காட்டன் நல்ல எடுத்துக்காட்டு. கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டிய இவருடைய பெயரைப் பருத்தியோடு சேர்த்து நினைப்பவர் உண்டு. காட்டன் என்ற குடும்பப் பெயருக்கும் பருத்திக்கும் தொடர்பில்லை. பழைய ஆங்கிலத்தில் 'குடிசைகள் உள்ள இடம்' என்ற பொருளில் அமைந்த ஊர்ப்பெயரிலிருந்து வந்தது அது.

தமிழ் மாணவர்களுக்கு இப்பகுப்பு புதிதாக இராது. பெயர்ச்சொல்லைப் பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என ஆறாகப் பிரிப்பது நமது இலக்கண மரபு. சங்கப் புலவர்களின் பெயர்களிலும் இந்த அடையாளங்கள் அப்படியே காணப்படுகின்றன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பதில் ஊரும் துணி வணிகமும் உள்ளன. தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்பதில் ஊரும் பொன் வேலையும் உள்ளன. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்பதிலோ ஊர், தந்தை, தந்தையின் ஆசிரியத் தொழில், இயற்பெயர் நான்கும் சேர்ந்து வருகின்றன. பிற்காலத்து மதுரை சோமு, காருகுறிச்சி அருணாசலம் ஆகியோர் பெயர்களில் ஊர் முன்னொட்டாக நிற்கிறது. வேறுபாடு ஒன்றுதான். இவை அந்தந்த ஆளோடு முடிந்தன. மகனுக்கும் பேரனுக்கும் இறங்கவில்லை. ஆங்கிலேயருடைய அடைமொழியோ இறங்கியது.

குயிலின் குன்று

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவில், வடக்கு எஸ்க் என்ற ஆற்றின் கரையில் பெனிகுக் என்ற ஊர் உள்ளது. மிட்லோதியன் பகுதியைச் சேர்ந்த இவ்வூரே குடும்பப் பெயரின் பிறப்பிடம். இப்போதுள்ள நகரம் 1770இல் திட்டமிட்டு அமைக்கப்பட்டது. ஊரின் பெயர் அதைவிடப் பல நூற்றாண்டுகள் பழையது. 1709இல் தொடங்கப்பட்ட காகித ஆலையால் இவ்வூர் நெடுங்காலம் அறியப்பட்டிருந்தது.

பெயர் ஆங்கில மொழிக்குரியது அன்று. ஆங்கிலம் பரவுவதற்கு முன் தென் ஸ்காட்லாந்தில் இன்றைய வேல்சு மொழிக்கு நெருங்கிய உறவுடைய ஒரு மொழி பேசப்பட்டது. அம்மொழியில் 'பென்' என்பது தலை, உச்சி, குன்று எனப் பொருள்படும். வட இங்கிலாந்தில் உள்ள பென்ரித் என்ற ஊர்ப்பெயரின் முதற்பகுதியும் இதுவே. 'கோக்' என்பது குக்கூ எனக் கூவும் பறவை. இடையில் உள்ள 'இ' ஒலி, சுட்டுச்சொல். மூன்றும் சேர்ந்து 'குயிலின் குன்று' என்ற பொருளைத் தருகின்றன.

தமிழில் 'குயில்' என்றும் பெயரில் 'குயிக்' என்றும் வருவதைக் கண்டு இரண்டுக்கும் வேர் ஒன்று எனச் சொல்லிவிடக் கூடாது. பறவையின் கூவலைப் பின்பற்றிப் பெயரிடுவது உலகின் பல மொழிகளில் தனித்தனியே நடந்துள்ளது. மேலும் ஐரோப்பாவின் குக்கூ வேறு, நம் ஊர்க் குயில் வேறு. இரண்டும் ஒரே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டும் தம் முட்டையைப் பிற பறவைகளின் கூட்டில் இடுபவை. நம் குயில் காக்கைக் கூட்டை நாடும். அங்குள்ள குக்கூ சிறு பறவைகளின் கூடுகளை நாடுவதோடு, ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இளவேனிலில் திரும்பி வரும். பறவைகள் பறக்கும் முறையை ஆராய்ந்து புகழ்பெற்ற பிரிஸ்டல் பல்கலைக்கழக விலங்கியலாளர் காலின் பென்னிகுயிக்கும் இதே பெயரைத் தாங்கியவர் என்பது வேடிக்கையான பொருத்தம்.

எழுத்தர் வீட்டார் வாங்கிய ஊர்

இடைக்காலத்தில் பெனிகுக் நிலங்களை உடைமையாகக் கொண்டிருந்த குடும்பம் ஊரின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டது. அந்த நிலத்துக்கு ஒரு விந்தையான கடமை இருந்தது. எடின்பரோவை அடுத்த வெளியில் அரசர் வேட்டையாட வரும்போது, நிலத்துக்குரியவர் ஒரு குறிப்பிட்ட பாறையில் அமர்ந்து மூன்று முறை கொம்பூத வேண்டும். தலையாரி மானியம், நீர்க்கட்டி மானியம் என ஊழியத்துக்கு நிலம் விட்ட நம் ஊர் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இக்குடும்பத்தாரின் கையிலிருந்து நிலம் காலப்போக்கில் நழுவியது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பாரிசில் வணிகம் செய்து பொருளீட்டித் திரும்பிய ஜான் கிளார்க் என்பவர் அதை வாங்கினார். கிளார்க் என்பது அசல் தொழில்வழிப் பெயர். முதலில் சமயப் பணியாளரைக் குறித்த இலத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் சமயப் பணியாளர்களாகவே இருந்த காலத்தில், எழுத்தரையும் அதே சொல் குறிக்கலாயிற்று. நம் அலுவலகங்களில் வழங்கும் 'கிளார்க்' அதுதான். ஆக, ஊரால் பெயர் பெற்றவர்களின் ஊர், தொழிலால் பெயர் பெற்றவர்களிடம் சென்றது. நிலத்தோடு கொம்பூதும் கடமையும் சேர்ந்து வந்ததால், கிளார்க் குடும்பத்தின் சின்னத்தில் இன்றும் கொம்பூதும் வேட்டைக்காரர் உருவம் உள்ளது. 1679இல் இக்குடும்பத்துக்குப் பாரனெட் பட்டம் கிடைத்தது.

மின்காந்தக் கொள்கையை வகுத்த இயற்பியலாளர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் (1831–1879) இந்தக் குடும்பத்தில் வந்தவர். பெனிகுக் கிளார்க்குகளில் இளைய கிளையைச் சேர்ந்த அவருடைய தந்தை, வேறொரு வழியில் கிடைத்த நிலத்துக்காக மாக்ஸ்வெல் என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டார். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் பாடத்தில் மாக்ஸ்வெல் சமன்பாடுகளைப் படிக்கும் தேனி மாணவரும், பெரியாற்று நீரில் விளைந்த சோற்றை உண்ணும் அதே மாணவரும், அறியாமலே ஒரே ஸ்காட்லாந்துச் சிற்றூரோடு இருமுறை தொடர்பு கொள்கிறார்.

நிலம் போன பின்னும் பெயர் போகவில்லை. ஊரைவிட்டுப் பிரிந்தவர்கள் அதைப் பலவாறு எழுதினர். பென்னிகுயிக், பென்னிகுக், பெனிகுக் என எழுத்து வேறுபட்டாலும் அவை ஒரே பெயரின் வடிவங்களே. 'சமையற்காரர்' என்னும் சொல்லின் எழுத்துகளோடு எழுதப்படும் வடிவமும் இவற்றுள் ஒன்று. மேலே கூறிய தவறான பொருளுக்கு இடம் தந்தது அதுவே. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த மருத்துவரும் கவிஞருமான அலெக்சாண்டர் பெனிகுக் இப்பெயர் தாங்கியோரில் குறிப்பிடத்தக்கவர்.

இந்தியாவில் பென்னிகுயிக் குடும்பம்

முல்லைப் பெரியாறு பொறியாளரின் தந்தை பெயரும் ஜான் பென்னிகுயிக் என்பதே. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர் இருப்பதால் இணையப் பக்கங்கள் சில இருவரையும் குழப்பிவிடுகின்றன. தந்தை பிரித்தானியப் படையின் 24ஆம் காலாட்படையைச் சேர்ந்தவர். பிரிகேடியர் நிலைக்கு உயர்ந்தவர். 1849 ஜனவரி 13 அன்று, இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் உள்ள சிலியன்வாலா என்னுமிடத்தில் சீக்கியர் படைக்கும் ஆங்கிலேயர் படைக்கும் கடும் போர் நடந்தது. அதில் பிரிகேடியரும், அதே படைப்பிரிவில் சேர்ந்திருந்த அவருடைய 17 வயது மகன் அலெக்சாண்டரும் ஒரே நாளில் மாண்டனர்.

பின்னாளில் அணை கட்டவிருந்த இளைய மகன் ஜானுக்கு அப்போது எட்டு வயது நிறைய இரண்டே நாட்கள் இருந்தன. அவர் 1841 ஜனவரி 15 அன்று புனேயில் பிறந்தவர். இங்கிலாந்தில் செல்டன்ஹாம் கல்லூரியிலும், கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்காம் படைப் பள்ளியிலும் பயின்று, 1860இல் சென்னை மாகாணத்துக்குப் பொறியாளராக வந்தார். 1868இல் அபிசீனியப் போர்ப் பயணத்திலும் பங்கேற்றார். சகோதரர்களில் ஒருவரான சார்லஸ் இலங்கை அரசுப் பணியில் உயர்ந்த பதவிகளை வகித்தார். ஜான் 1879இல் கிரேஸ் ஜார்ஜினா என்பவரை மணந்தார். 1899இல் பிறந்த மகன் சர் ஜான் பென்னிகுயிக் இங்கிலாந்தில் புகழ்பெற்ற நீதிபதியாகத் திகழ்ந்து 1982இல் மறைந்தார். ஆக, தொடர்ந்து மூன்று தலைமுறையில் ஜான் பென்னிகுயிக் என்ற பெயர் படைவீரர், பொறியாளர், நீதிபதி என மூன்று தொழிலில் விளங்கியது.

பணி ஓய்வுக்குப் பின் கர்னல் பென்னிகுயிக், இந்தியாவுக்குப் பொறியாளர்களைப் பயிற்றுவித்த கூப்பர்ஸ் ஹில் கல்லூரிக்குத் தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தடுப்பது பற்றி ஆய்ந்து சொல்லக் குவீன்ஸ்லாந்து அரசு அவரை அழைத்தது. 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் காலமானார்.

பெரியாறும் பெயர்களும்

மேற்கே ஓடி அரபிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகைக்குக் கொண்டுவரும் எண்ணம் ஆங்கிலேயருடையது அன்று. 1789இல் இராமநாதபுரம் முத்துராமலிங்க சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை, ஆட்களை மலைக்கு அனுப்பி இடம் பார்த்துவரச் செய்தார். பொருள் வசதி இல்லாமையால் அது அப்படியே நின்றது. வரலாற்றில் அவர் 'பிரதானி முத்திருளப்ப பிள்ளை' என்றே குறிக்கப்படுகிறார். பிரதானி என்பது பதவி. ஸ்காட்லாந்தில் பிறந்திருந்தால் அவருடைய பேரன் பேத்திகளும் 'பிரதானி' என்றே எழுதப்பட்டிருப்பார்கள்.

1808இல் இத்திட்டத்தை ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல் இது நடக்கக்கூடியதன்று எனக் கருத்துரைத்தார். கால்டுவெல் என்பதும் ஊர்வழிப் பெயர். 'குளிர்ந்த ஊற்று' என்பது அதன் பொருள். ஊற்றின் பெயரைத் தாங்கியவர் நீர் வராது என்று அறிக்கை கொடுத்தது முரண்தான். இடையன்குடியில் வாழ்ந்து திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய ராபர்ட் கால்டுவெல் ஐயருக்கும் இதே குடும்பப் பெயர். ஆனால் பெயர் ஒன்றாயிருப்பதை மட்டும் வைத்து உறவு சொல்வது, முத்தையா என்ற பெயருடைய எல்லோரையும் பங்காளிகளாக்குவதற்குச் சமம்.

பின்னர் ரைவ்ஸ் 1867இல் மண் அணைக்குத் திட்டம் தந்தார். அடுத்து வந்தவர்களில் ஒருவர் ஸ்மித். 1882இல் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்து, பொறுப்பு பென்னிகுயிக்கிடம் ஒப்படைக்கப்பட்டது. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் சென்னை அரசின் சார்பில் இந்திய அரசுக்கும் இடையே 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887இல் வேலை தொடங்கியது. தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் பலமுறை அடித்துச் சென்றது. சுண்ணாம்பும் செங்கல்தூளும் கலந்த சுர்க்கிச் சாந்தால் 176 அடி உயரத்துக்கு அணை எழும்பியது. மலையைக் குடைந்து அமைத்த சுரங்கத்தின் வழியே நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்துவைத்தார். வென்லாக் என்பது அவருடைய பட்டப்பெயர். குடும்பப் பெயர் லாலி. பட்டத்தைக் குடும்பப் பெயராக எண்ணுவதும் நம்மிடையே அடிக்கடி நேர்வது. அணையின் வரலாற்றை 1899இல் நூலாக எழுதிய பொறியாளர் மெக்கன்சியின் பெயர் தந்தைவழிப் பெயர். 'மெக்' என்பதற்கு மகன் என்று பொருள்.

கால்டுவெல் இடம், ஸ்மித் தொழில், மெக்கன்சி தந்தை. இந்தப் பட்டியலில் ஒரு பெருங்குறையும் உண்டு. மலேரியாவும் காலராவும் வாட்டிய அந்தக் காட்டில் கல் சுமந்தவர்கள், சுண்ணாம்பு அரைத்தவர்கள், சுரங்கம் வெட்டியவர்கள், வண்டி ஓட்டியவர்கள் ஆயிரக்கணக்கானோர். நோயிலும் விபத்திலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர். அவர்களும் கொல்லர், தச்சர், கல்தச்சர் எனத் தொழிலால் அறியப்பட்டவர்களே. இங்கிலாந்தின் தலைவரிப் பட்டியல் ஒரு சிற்றூர்க் கொல்லரின் பெயரை 1379இலிருந்து காப்பாற்றி வைத்திருக்கிறது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகள் பிந்திய பெரியாற்றுத் தொழிலாளர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையாக மட்டுமே வரலாற்றில் நிற்கிறார்கள்.

பென்னிகுயிக் இங்கிலாந்தில் இருந்த தம் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் விற்று அணையைக் கட்டி முடித்தார் என்ற செய்தி தேனி, மதுரைப் பகுதிகளில் பரவலாகச் சொல்லப்படுகிறது. இது வாய்மொழி மரபில் வந்தது. அணை, சென்னை மாகாண அரசு தன் பொதுப்பணித் துறை வழியாக அரசு நிதியில் மேற்கொண்ட வேலை ஆகும். தேர்வு விடைத்தாளில் எழுதும் மாணவர் இவ்விரண்டையும் பிரித்து எழுதுவது நல்லது. கதை நகையைப் பற்றிச் சொல்வதைவிட, நன்றியைப் பற்றி அதிகம் சொல்கிறது. அந்த நன்றி உண்மையானது.

கம்பம் பள்ளத்தாக்கில் இயற்பெயராக

கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வட்டாரத்தில் 14,707 ஏக்கர் நிலம் பெரியாற்று நீரால் இருபோக நெல் விளையும் நிலமாக உள்ளது. தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கு இந்நீர் பாசனத்துக்கோ குடிப்பதற்கோ பயன்படுகிறது. இங்குள்ள பல வீடுகளில் சாமி படங்களோடு பென்னிகுயிக் படமும் மாட்டப்பட்டுள்ளது. கடைகள், திருமண அழைப்பிதழ்கள், உழவர் சங்கப் பலகைகள் எங்கும் இப்பெயரைக் காணலாம். அவருடைய பிறந்த நாளான ஜனவரி 15 தைப்பொங்கலை ஒட்டி வருவதால், பாலார்பட்டி போன்ற ஊர்களில் 'பென்னிகுயிக் பொங்கல்' வைக்கப்படுகிறது. 2013 ஜனவரி 15 அன்று லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தேனி புதிய பேருந்து நிலையத்துக்கும் அவர் பெயரே. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் சார்பில் கேம்பர்லியிலும் சிலை நிறுவப்பட்டது.

லோயர் கேம்ப் என்ற ஊர்ப்பெயரும் கவனிக்கத்தக்கது. அணை வேலைக்காக மலையடிவாரத்தில் அமைந்த 'கீழ் முகாம்' என்பதன் ஆங்கில வடிவம் அப்படியே ஊர்ப்பெயராக நிலைத்துவிட்டது. சற்றுத் தள்ளிப் போடிநாயக்கனூர், ஓர் ஆளின் பெயரால் ஏற்பட்ட ஊர். அங்கே ஆள் பெயர் ஊருக்குப் போனது. ஸ்காட்லாந்தில் ஊர்ப்பெயர் ஆளுக்கு வந்தது.

குழந்தைகளுக்கு இப்பெயரை இடுவோர் அவருடைய இயற்பெயரான ஜான் என்பதை எடுத்துக்கொள்ளவில்லை. ஜான் என்றால் சமய அடையாளம் தெரியும். ஆயிரம் ஜான்களும் உண்டு. பென்னிகுயிக் என்றால் அந்த ஒருவர்தான். ஆகவே எல்லாச் சமயத்தாரும் இப்பெயரைத் தயக்கமின்றி இடுகிறார்கள். தமிழர் வழக்கில் பரம்பரைக் குடும்பப் பெயர் பொதுவாக இல்லாததும் இதற்கு உதவியது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இட்டால் போதும். குடும்பப் பெயருக்கும் இயற்பெயருக்கும் மோதல் வராது. ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்குக் குடும்பப் பெயரையே குழந்தையின் முதற்பெயராகக் கேட்பது சற்று வியப்பாக இருக்கும். நேருவின் நினைவாக இங்கே நேரு என்று பெயர் வைப்பதை எண்ணிப் பார்த்தால் நமக்கு இது வியப்பன்று. நேரு என்பதும் கால்வாய்க் கரையில் குடியிருந்ததால் ஏற்பட்டதாகச் சொல்லப்படும் குடும்பப் பெயர்தான்.

இலக்கணப்படி பார்த்தால், எடின்பரோவுக்கு அருகில் இது காரணப் பெயர். குயில் கூவும் குன்று என்பது காரணம். கூடலூரில் பிறந்த குழந்தைக்கு அந்தக் காரணம் பொருந்தாது. ஆனால் இடுகுறி என்றும் சொல்லிவிட முடியாது, ஏனென்றால் வாய்க்காலில் வரும் நீர் இங்கே காரணமாகிவிட்டது.

எழுத்தும் ஒலிப்பும்

ஸ்காட்லாந்து ஊரின் பெயர் 'பெனிகுக்' என்றே ஒலிக்கப்படுகிறது. எழுத்தில் உள்ளபடி 'குயிக்' என்று யாரும் சொல்வதில்லை. ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதியதால் பென்னிகுயிக், பென்னிகுவிக், பென்னி குக், பென்னிகுக் எனப் பல வடிவங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. அரசு விழா அறிவிப்புகளிலும் பலகைகளிலும் பெரும்பாலும் காணப்படுவது பென்னிகுயிக் என்ற வடிவமே. ஆகவே அதைத் தவறு என்று திருத்த வேண்டியதில்லை. தமிழில் வேரூன்றிய வடிவம் அது.

குழந்தைக்கு இப்பெயரை இடும் பெற்றோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு வடிவமும், பள்ளிப் பதிவேட்டில் இன்னொன்றும், ஆதார் அட்டையில் வேறொன்றுமாக எழுதப்பட்டால், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் வந்த பிறகு திருத்துவது எளிதன்று. அரசிதழில் பெயர் மாற்றம் வெளியிட வேண்டிய நிலை வரலாம். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வடிவத்தைத் தெரிந்தெடுத்து, பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே பதிவேட்டில் எழுதிய பெயரை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் கண்டதும் பென்னிகுயிக்கை அங்கே எழுதிவிடக் கூடாது. தேனியில் பிறந்த பிள்ளைக்கு அது இயற்பெயர். இயற்பெயருக்குரிய கட்டத்தில்தான் எழுத வேண்டும்.